நான்கு கருவிகளில் ஒரே புயல்

ஒரு சூப்பர்ஹீரோ விளையாட்டு எந்தக் கருவியில் நன்றாக ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஹீரோவைப் பார்க்கவே கூடாது, அய்யா. தரையில் தேங்கிய மழைத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் அந்தக் குட்டைக்குள் எதிர்க்கட்டடத்தின் ஜன்னல்கள் தெரியும், ஜன்னலுக்குள் திரைச்சீலையும் தெரியும். டிவியோடு இணைக்கும் கன்சோலில் ஜன்னல் உண்டு, திரைச்சீலை இல்லை. விளையாடுவதற்கென்றே வரும் கையடக்கக் கருவியில் குட்டை மட்டும் இருக்கும். செல்போனில் மழையே பெய்திருக்காது.

இதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் தொழில். சிரிக்கலாம், தப்பில்லை. என் மாமனாரும் சிரித்தார். பெண்ணைக் கொடுத்த பிறகு சிரித்ததால் எனக்கு நஷ்டமில்லை.

எங்கள் வீடியோ சேனலுக்குத் 'துலாக்கோல்' என்று பெயர் வைத்தது நான். அதில் இரண்டே பேர். நான் அளப்பேன், என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஆடிக்கொண்டே பேசுவான். நான்கு கருவியிலும் ஒரே கை, ஒரே காட்சி, ஒரே அமைப்பு, அதாவது செட்டிங்ஸ். இது நான் போட்ட விதி. ஒருமுறை கன்சோலில் மட்டும் வெளிச்ச அளவு கொஞ்சம் கூடிவிட்டது. போட்டிச் சேனல்காரர் ஒருவர் அதற்கென்றே தனி வீடியோ போட்டு, 'துலாக்கோலில் ஒரு தட்டு ஓட்டை' என்று தலைப்பும் கொடுத்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மச்சினன் அந்த வீடியோவுக்கு லைக் போட்டான்.

"தலைப்பு செமையா இருக்கு மாமா. நமக்கு இப்படித் தோண மாட்டேங்குது பாருங்க" என்றான்.

அவனைக் குறை சொல்ல நான் இங்கே உட்காரவில்லை. நல்ல பையன். வாய்தான் சும்மா இருக்காது. ஹீரோ பறக்கும்போது அங்கியில் எத்தனை மடிப்பு விழுகிறது, எந்தக் கருவியில் எத்தனை குறைகிறது என்று நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து எண்ணுவேன். அவன் அந்த நேரத்தில், "ஊரைக் காப்பாத்தப் போறவருக்கு எதுக்குங்க இவ்ளோ நீளத் துணி, கதவுல மாட்டிக்காதா" என்று கேட்பான். அவ்வளவுதான், பார்ப்பவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். கையடக்கக் கருவியில் ஹீரோ போய்ச் சேர்ந்த பிறகுதான் கட்டடம் வந்து சேரும். நான் இதை 'காட்சி ஏற்றத் தாமதம்' என்று விளக்கினேன். அவன், "கட்டடத்துக்கு டிராஃபிக் போல" என்றான். என் விளக்கத்தின் கீழே ஒருவர், 'ஸ்கேல் மாமா பேசுற எடத்துல போய்த் துணி காயப்போட்டுட்டு வந்தேன்' என்று எழுதினார். அதற்கு அவ்வளவு கைதட்டல். ஸ்கேல் என்பது நான்.

எனக்கு வருத்தமில்லை. அளப்பவனுக்குக் கைதட்டல் தேவையில்லை. ஆனால் ஒன்று. வீடியோவின் கடைசியில் எந்தக் கருவி சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவன் குறுக்கே வந்து, "உங்ககிட்ட எது இருக்கோ அதுல ஆடுங்க, எல்லாத்துலயும் வில்லன் சாவான்" என்பான். என் வேலை முழுவதும் அந்த ஒரு வரியில் தண்ணீராய் ஓடிவிடும். சொல்லாதே என்று எத்தனையோ முறை சொன்னேன். "சரி மாமா" என்பான். அடுத்த வாரமும் சொல்வான்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. விட்டுவிட்டு அடிக்கும் வெளிச்சம் ஆகாது. அதனால் எந்த விளையாட்டை எடுத்தாலும் அமைப்புக்குள் போய் 'மின்னல் குறைப்பு' என்ற வசதியைப் போட்டுவிட்டுத்தான் தொடுவான். போட்டால் மின்னல் வெட்டாமல் மெதுவாக வந்து மெதுவாக அடங்கும். என் மனைவிக்கு இதே கவலை. "எதை மறந்தாலும் அதை மட்டும் மறந்துடாதீங்க. எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் மறக்கவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

புது விளையாட்டின் பெயர் 'இடிக்கரத்தான்'. ஹீரோ கையைத் தூக்கினால் இடி விழும். அதில் ஒரு புயல் காட்சி, கோபுர உச்சியில், மின்னல்மேல் மின்னலாக. கருவியின் சாயம் அங்கேதான் வெளுக்கும். செல்போன், கம்ப்யூட்டர், கையடக்கம் என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, கடைசியில் பெரிய டிவியில் கன்சோல் என்று வைத்திருந்தோம். கையடக்கப் பதிப்பை அவசரத்தில் வெளியிட்டிருந்தார்கள். அதில் மின்னல் குறைப்பு வசதியே இல்லை.

"சின்னத் திரைதானே மாமா, டாக்டர் சொன்ன மாதிரி ஒரு கண்ணைத் துணியால கட்டிக்கிட்டு ஆடிடுறேன்" என்றான். அப்படியே ஆடியும் முடித்தான். "இடிக்கரத்தான் ஒத்தக்கண்ணன் ஆயிட்டார்" என்று மைக்கில் வேறு சொன்னான்.

இப்போது என் நிலையைப் பாருங்கள். ஒரு கருவியில் அந்த வசதி இல்லை. இல்லாத ஒன்றை மற்றதில் மட்டும் போட்டால் அது ஒப்பீடா? போட்டிச் சேனல்காரர் விடுவாரா? ஒரே அமைப்பு என்பது விதி. அவன் டீ போட அடுக்களைக்குப் போனபோது, கன்சோலில் போட்டுவைத்திருந்த மின்னல் குறைப்பை எடுத்துவிட்டேன்.

திரும்பி வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தான். திரையில் பிரதிபலிப்பு விழக்கூடாது என்று அறையை எப்போதும் இருட்டாக்கித்தான் வைப்போம். டீயை ஒரு வாய் குடித்தான்.

"மாமா, அதைப் போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு மாப்ள. ஆடு."

இல்லை, பொய் என்று சொல்ல மாட்டேன். வேலை நேரத்தில் விவாதம் வேண்டாமே என்று சொன்னது.

புயலின் நடுவில் விழுந்தான். கன்ட்ரோலர் அவன் கையை விட்டுத் தரையில் விழுந்து, ஒவ்வொரு இடிக்கும் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. ஆடுகிறவர் இல்லாததால் இடிக்கரத்தான் கோபுர உச்சியில் சும்மா நின்றார். ஊரைக் காக்க வந்தவர், யாராவது பொத்தானை அழுத்தினால்தான் காப்பார். அங்கி மட்டும் காற்றில் படபடத்தது. அவ்வளவு மின்னலிலும் படம் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தினால் முதலிலிருந்து ஆட வேண்டும். அவன் ஆடுகிற நிலையில் இல்லை. வேறு கை விதிப்படி கூடாது. எனவே புயல் தானாக ஓய்ந்து காட்சி முடியட்டும் என்று இருந்தேன். முடிந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், அதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்களுக்கு எல்லாம் நடந்து முடிந்த பிறகு தெரியும்.

வீடியோவை வெளியிட்டது தவறு என்கிறாள் என் மனைவி. வெளியே உங்கள் ஸ்டேஷன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. வேலையைப் பாதியில் விடுவது அவனுக்கு மரியாதை ஆகாது என்று நினைத்தேன். அவன் குரலை எடுத்துவிட்டு முழுவதும் நானே பேசினேன். அங்கியைப் பற்றி நிதானமாகச் சொன்னேன், கடைசியில் தீர்ப்பும் சொன்னேன். குறுக்கே யாரும் வரவில்லை. சேனலில் இதுவரை இவ்வளவு பேர் எதையும் பார்த்ததில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் என்று நீங்கள் சொல்லலாம். கடைசிவரை இருந்து கேட்டார்கள், அதுதான் எனக்கு முக்கியம்.

அவன்மேல் எனக்குக் கோபமும் இல்லை, பொறாமையும் இல்லை. நான் நடுநிலைக்காரன். நடந்தது முழுக்க விதிக்காக நடந்தது.

என்ன கேட்டீர்கள்? கருவிகளை எடுத்துச் சோதித்தீர்களா? சரிதான். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் மின்னல் குறைப்பு போட்டபடியே இருந்தது, அந்தப் பதிவுகளை நான் மறுபடி எடுக்கவும் இல்லை. விதி எல்லாக் கருவிக்கும்தானே, டிவியில் மட்டும் ஏன் எடுத்தாய் என்றுதானே கேட்கிறீர்கள்.

மற்ற திரைகளெல்லாம் சின்னவை, அய்யா.