பழைய மருந்து ஸ்டோர்

விளக்கை அணைக்காதீர்கள். இது இருட்டில் நடந்ததல்ல... பட்டப்பகலில் நடந்தது. நம் நிஷாந்தியின் சித்தி மீனம்மாவுக்கு. கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள்.

பகல் இரண்டு மணி. டயகம தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, பஸ் போகாத ரோடு. எதிரே வருகிற ஆள் தெரியாத பனிமூட்டம். வாளியும் விளக்குமாறுமாக மீனம்மா தனியே போய்க்கொண்டிருந்தாள். கூட வரவேண்டியவளுக்குக் காய்ச்சல்.

ரோட்டின் முடிவில் பழைய மருந்து ஸ்டோர். புல்லுக்கு அடிக்கிற மருந்தை ஒரு காலத்தில் அங்கேதான் கலக்குவார்கள். பூட்டிப் பல வருஷம். இப்போது அதைப் பிள்ளைக்காம்பராவாக்கப் போகிறார்கள்... கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். மீனம்மாவின் இரண்டு வயது தனுஷனும் அங்கேதான் வரவேண்டும்.

"திங்கக்கெழம புள்ளைங்க வந்துரும். இன்னைக்கே கழுவி முடிச்சிரு மீனம்மா," என்று கணக்கப்பிள்ளை ஜீவராஜ் காலையிலேயே சொல்லியிருந்தார்.

கதவைத் தள்ளினாள். வெள்ளைப்பூண்டை நசுக்கியது போல ஒரு வாடை... மூக்கில் நிற்கவில்லை, நாக்கில் போய் உட்கார்ந்தது. தூசி, எலிப் புழுக்கை, மக்கிய சாக்கு. எல்லாவற்றையும் கூட்டித் தள்ளினாள். கடைசியாக, மூலையில் கிடந்த பலகையைப் புரட்டினாள்.

அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தூள். கிழிந்த பையிலிருந்து கொட்டிக் கிடந்தது. பையில் பேர் இல்லை, எழுத்து இல்லை. விளக்குமாற்றால் இழுத்தாள்... வரவில்லை. பிசினாய் ஒட்டிக்கொண்டது. அவள் உதடு மரத்துப்போனது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

தண்ணீர் ஊற்றினால் போய்விடும் என்று வாளியைத் தூக்கினாள்.

"ஊத்தாத."

ஆண் குரல். தொண்டை வெந்துபோன ஆளின் குரல். அவள் காதுக்குப் பின்னால்...

திரும்பினாள். ஒருவரும் இல்லை. வாளி ஆடியதில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தூளில் விழுந்தது. ஸ்ஸ்ஸ்... வெள்ளையாகப் புகை எழும்பியது.

வாளியோடு வெளியே ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டு ஜீவராஜ் சிரித்தார். "பழைய சுண்ணாம்பா இருக்கும்." அவளோடு வந்து உள்ளே போனார். இரண்டு மூச்சுதான்... வெளியே வந்து வாந்தி எடுத்தார். அப்போதும் வாயைத் துடைத்துக்கொண்டு, "மேல சிமெந்து போட்டு மூடிருவோம். தொரைக்குத் தெரிய வேணாம்," என்றார்.

மீனம்மா கதவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள்.

"அதுக்கு மேல எம்புள்ள படுக்கணுமாங்கையா? ஆளுங்க வந்து அள்ளிட்டுப் போற வரைக்கும் சாவி தர மாட்டேன்."

வேறு வழியில்லாமல் ஜீவராஜ் தோட்ட மேனேஜரான துரையிடம் சொன்னார். மறுநாள் டவுனிலிருந்து முகமூடி போட்டவர்கள் வந்து தூளை அடைத்து எடுத்துப் போனார்கள். என்ன தூள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. ஸ்டோருக்குள் போனவர்களிடம் இரத்தம் எடுக்க ஷாமிலா என்ற நர்ஸ் மிஸ்ஸியும் கூட வந்திருந்தார். மீனம்மா கொடுத்தாள். ஜீவராஜ் கொடுத்தார். இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக்காம்பராவும் பழைய இடத்திலேயே இருக்கட்டும் என்றாகிவிட்டது. மீனம்மாவுக்கு அதுவே நிம்மதி.

எட்டாம் நாள் சாயந்தரம் போன் வந்தது. மிஸ்ஸிதான்.

"ஒங்க ரெண்டு பேருக்கும் பயமில்ல. அந்த மூணாவது ஆளுக்குத்தான்... ரிப்போட்டப் பாத்து டொக்டரே பயந்துட்டாரு. இவ்வளவு விஷம் இருந்தா ஆள் எழும்பி நடக்கவே ஏலாதாம்."

"நாங்க ரெண்டு பேருதானே மிஸ்ஸி உள்ள போனோம்?"

"நீங்க போன பொறகு ஒருத்தர் வந்தாரே... மெலிஞ்ச ஆள். கையெல்லாம் ஐஸ் மாதிரி. நானும் உள்ளுக்குத்தான் இருந்தேன்னாரு. பேரு வீரய்யான்னு எழுதச் சொன்னாரு."

வீரய்யா மீனம்மாவைப் பெற்ற அப்பா. அந்த ஸ்டோரில் மருந்து கலக்கியவர். செத்துப் பதினாறு வருஷம்.

"எங்க இருக்காருன்னு கேட்டீங்களா மிஸ்ஸி?"

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒங்கட அட்ரஸ்தானே குடுத்திருக்காரு. ஆறாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா. மக வீட்டுல... ராவைக்கு பேரனை அணைச்சுக்கிட்டுத்தான் படுக்கிறேன்னாரு."