வாசல் பெட்டி

— இந்த ஒரு பெட்டிக்காகவா காலையிலேர்ந்து மண்ணுல உருண்டுட்டு இருக்க?

— உருளலக்கா, ஆராய்ச்சி பண்றேன். பாக்கறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். அந்த ஸ்க்ரூடிரைவர இப்படிக் குடு.

— உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்டா.

— சொல்லலாம், இரு. தோட்டத்து முதலாளி மத்தியானம் வர்றார். மண்ணு எங்க ஈரமா இருக்கு, எங்க காஞ்சிருக்குன்னு அவர் போன்ல தெரியணும். இல்லேன்னா உன் சென்சார் பெட்டியெல்லாம் பிடுங்கிட்டுப் போய்யான்னுட்டார். என் கம்பெனிக்கு அவர் ஒருத்தர்தான் வாடிக்கை. கம்பெனின்னா நானும் என் லேப்டாப்பும்.

— மரத்துக்கு மரம் பெட்டி நட்டு வச்சிருக்கியே, அத்தனையுமா கெட்டுப்போச்சு?

— அதுதான் வேடிக்கை. தோட்டத்துக் கோடியில இருக்கறதெல்லாம் சார்ஜ் குறையாம புது மாப்பிள்ளை மாதிரி நிக்குது. செத்தது இந்த வாசல் பெட்டி ஒண்ணுதான்.

— ஒண்ணு போனா மத்ததுக்கு என்னவாம்?

— வயர் கிடையாதே. தூரத்துக்குக் கேக்கற மாதிரி கத்தினா பேட்டரி சீக்கிரம் தீந்துடும். அதனால ஒவ்வொண்ணும் பக்கத்துப் பெட்டிகிட்ட மெதுவா சொல்லும், அது அடுத்ததுகிட்ட சொல்லும். கடைசில எல்லாச் சேதியும் வாசல் பெட்டிக்கு வந்து சேரும். இது அத்தனையும் கேட்டுட்டு, கிழக்குப் பக்கம் காஞ்சிருக்கு, மத்தது பரவாயில்லைன்னு ஒரே வரியா ஆபீஸ் ரூமுக்கு அனுப்பும், அங்கேர்ந்து முதலாளி போனுக்குப் போயிடும். இந்தச் சிக்கனத்துக்கு எனக்குக் கேடயமெல்லாம் குடுத்தாங்க.

— உன் ரூம் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கியே, அதுவா?

— அதேதான். அதோட உருப்படியான உபயோகம் அது ஒண்ணுதான்.

— இப்படி ஒரு யோசனை எங்கேர்ந்து பிடிச்ச?

— உன்கிட்டேர்ந்துதான். அம்மாகிட்ட பேசினா ஒரு மணி நேரம் போயிடும். அண்ணன்கிட்ட பேசினா சண்டை வரும். நீ ரெண்டு பேர்கிட்டயும் பேசிட்டு, அம்மாவுக்கு முட்டி வலி, அண்ணனுக்குக் கோவம் ஆறிடுச்சுன்னு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடற. அதப் பாத்துத்தான் செஞ்சேன்.

— ஓ. அப்ப இது நானா.

— பெருமையா இல்ல?

— ரொம்ப. உள்ள என்ன ஆச்சுன்னு பாரு.

— பேட்டரி சுத்தமா காலி. எல்லாருக்கும் சேத்து இது ஒண்ணே பேசியிருக்கு. கண்ண மூடவே இல்ல போல.

— முன்னாடியே தெரியாதாடா?

— அங்கதான் என் மேதாவித்தனம் இருக்கு. சார்ஜ் குறையுது, சார்ஜ் குறையுதுன்னு இது தினமும் சொல்லித்தான் இருக்கு. ஈரத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், தண்டமா எதுக்குன்னு அந்தச் சேதிய மட்டும் வெட்டிவிடச் சொல்லி நான்தான் புரோகிராம்ல எழுதி வச்சிருக்கேன்.

— நானும் சொன்னேன்.

— என்னது?

— உடம்புக்கு முடியலன்னு. போன்ல.

— எப்ப சொன்ன?

— அம்மாவுக்குக் கண்ணாடி மாத்தினதச் சொன்னேனே, அதுக்கப்புறம். நீ, சரிக்கா, வேற ஒண்ணும் இல்லையேன்னு கேட்டுட்டு வச்சுட்ட.

— அந்தக் கேடயத்தாலயே யாராவது என் மண்டையில போடணும். இப்ப எப்படிக்கா இருக்கு?

— முதல்ல உன் பெட்டிய முடி. அந்த ஆள் வந்துடப் போறார். இனிமே இது சாகாம இருக்க வழி இருக்கா?

— இருக்கு, ரொம்பச் சுலபம். பக்கத்துல இன்னும் நாலு பெட்டி இருக்கு, அதுங்க பேசினாலும் ஆபீஸ் ரூமுக்கு எட்டும். முறை வச்சு ஆளுக்கொரு நாள் வாசல் வேலையப் பாத்தா போதும்.

— அப்பவே அப்படிச் செஞ்சிருக்கலாமே?

— செஞ்சிருக்கலாம். இது பாட்டுக்கு முணுமுணுக்காம செஞ்சுட்டு இருந்துச்சு, சோம்பேறி நான் விட்டுட்டேன். இந்தா, புது பேட்டரி போட்டாச்சு. பச்சை விளக்கு எரியுது பாரு. பொழச்சேன். ஆமா, அந்தப் பையில என்ன, அம்மா ஏதாவது குடுத்து விட்டாங்களா?

— இல்ல. என் துணி.

— எங்கயாவது ஊருக்கா?

— போன் அடிக்குது. அம்மாதான். இந்தா, எடு.

— நீயே பேசுக்கா. கையெல்லாம் மண்ணு.

— தொடச்சுட்டு எடுடா. நாளைக்கு எனக்கு ஆபரேஷன். இத்தனை வருஷமா எல்லார் சேதியும் சொல்லிட்டேன், இத மட்டும் அம்மாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.