கண்ணாடி போடாத சட்டம்

கிராஸ் ஸ்டிட்ச் பூத்தையல் சட்டத்தை வெயில் விழுகிற சுவரில் மாட்டக்கூடாது, இன்ஸ்பெக்டர் தம்பி. வந்ததிலிருந்து அதையே பார்க்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். உட்காருங்கள். இந்தத் தோ பாயோ பேட்டை முழுக்கத் தேடி இப்படி இன்னொன்று காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன். அதில் தைத்திருக்கிற கிளியைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலை விட்டு நகராமல் பட்டினி கிடந்தது.

ஆரம்பித்தது என் மகள் ஆனி. கல்யாணமாகி ஈப்போவுக்குக் கொண்டுபோக. நடுவில் ஆனி, இஞ்ஞாசி என்று இரண்டு பெயர். சுற்றிலும் கிளியும் ரோஜாவும். மாப்பிள்ளை இஞ்ஞாசி அங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர், காயத்துக்கு மருந்து கட்டுகிறவன். நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் நிலைமையையும் பாருங்கள். மனைவி போய்விட்டாள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவன் நான். அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது. இவளும் போனால் நாலு சுவரும் நானும்தான். மாதா கோயிலில் முழங்காலில் நின்று அழுதேன். பதில் வரவில்லை.

ஆனிக்குக் கண்ணில் கோளாறு. சொட்டு மருந்து காலையும் மாலையும் விட்டால் பார்வை தங்கும், நிறுத்தினால் போய்விடும் என்றார் டாக்டர். தினமும் அவள் கண்ணில் விட்டுவந்தது நான்தான். மருந்தைக் கொட்டிவிட்டுப் புட்டியில் தண்ணீர் நிரப்பினேன். குழாய்த் தண்ணீர் இல்லை, தம்பி. கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டியது. அடுப்புப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். கண்ணாயிற்றே, கண்ட தண்ணீரை ஊற்றலாமா?

"அப்பா, சிவப்பும் ஆரஞ்சும் ஒண்ணாத் தெரியுதுப்பா" என்றாள்.

"பல்பு மங்கிப்போச்சுலா" என்றேன்.

பிறகு துணியின் ஓட்டை தெரியவில்லை. பிறகு நான் தெரியவில்லை. ஊசியை நான் வாங்கிக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்: "ஆறு இழையில ரெண்டை மட்டும் பிரிச்சுக்கோங்க. மேல வர்ற தையல் எல்லாம் ஒரே பக்கம் சாயணும். பின்னால முடிச்சுப் போட்டீங்க, மீசையில ஊசி குத்திடுவேன்!" இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேல்மாடிக்காரன் தரையைத் தட்டினான். அந்த மாதிரி நாள் என் ஆயுளில் வந்ததில்லை.

கண் போன பெண்ணை எவன் கட்டுவான் என்றுதான் நினைத்திருந்தேன். இஞ்ஞாசி வந்தான். "அதனால என்ன மாமா, எனக்குக் கண்ணு இருக்குலா" என்றான். தேதியும் குறித்துவிட்டார்கள்.

அந்தக் கலக்கத்தில்தான் அவன் பெயரைப் பிரித்தேன். பிரித்த இடத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். ஓட்டை மூடிக்கொள்ளும், துணி மறந்துவிடும். அங்கே 'அப்பா' என்று போட்டேன். டவல்மேல் கவிழ்த்துப் பின்பக்கமாக இஸ்திரி போட்டேன். முன்னால் அழுத்தினால் தையல் சப்பிப்போகும். அப்புறம் அட்டையில் இழுத்துக் கட்டிச் சட்டம் போட்டேன். கண்ணாடி மட்டும் போடவில்லை. ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்று பயம்.

அதுதான் பிசகு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், சுவரைத் தடவிக்கொண்டே போனவள், அங்கே நின்றுவிட்டாள். விரல் எழுத்து எழுத்தாக நகர்ந்தது.

"அப்பா, இஞ்ஞாசி எங்கே?"

அவன் பெயரை எடுத்தவன் வேறு எதை எடுத்தான் என்று தோன்றியிருக்கும். அவள் அலமாரியில் தேடிப் புட்டியை எடுத்தாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள், மருந்தின் கசப்பு இல்லை. பக்கத்து வீட்டுக் கண்மணியைக் கூப்பிட்டாள். புட்டியோடு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

ஆமாம், தண்ணீர் ஊற்றியது நான்தான். என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள், சுவிசேஷமுத்து. ஆனால் ஒன்று, தம்பி. அந்த 'அப்பா'மேல் அவள் விரல் எவ்வளவு நேரம் நின்றது தெரியுமா? கண் இருந்த காலத்தில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.