விதையில் வந்த பிள்ளை

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் கைக்குழந்தை. பக்கத்தில் அவள் கணவனின் அக்கா.

"ஏங்க அண்ணி, என் புள்ள என்ன கெளைய வெட்டி நட்ட தேயிலையா?" என்று இளையவள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"கத்தாத. நீயும் செவப்பு, தம்பியும் செவப்பு. இது மட்டும் எப்புடி இம்புட்டுக் கருப்புன்னு அம்மா கேக்குறாங்க. பேரு வைக்க வரமாட்டாங்களாம்."

"தோட்டத்துல தேயிலைக் கன்னு வளக்குறவங்கதானே நீங்க? வெட்டி வச்ச கன்னு தாய்ச்செடி மாதிரியே வரும். வெதை போட்டா? ஒரு செடி வெதையிலயே ஒண்ணு மாதிரி ஒண்ணு வராதே!"

"அது தேயிலை."

"மனுசனுக்கும் அப்புடித்தான். கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க, நெறம் ஒரு மரபணுவுல வர்றதில்லையாம். ரெண்டு பக்கத்துலயிருந்தும் நெறைய வந்து கலக்குமாம். எங்ககிட்ட வெளிய தெரியாதது புள்ளையில தெரியுமாம்."

"இத அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டுல எல்லாரும் குட்டை. நீங்க மட்டும் நெலைவாசல்ல இடிக்கிற ஒசரம். நீங்க இப்புடி வளந்தப்ப, இது எப்புடின்னு அவங்ககிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"