படிச்ச பிள்ளை சொன்னால் சரி

எனக்கு இளநீர் பிடிக்காது, மேடம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த வழுக்கை தொண்டையில் இறங்கும்போது ஓங்கரிக்கும். பாறசாலையில் பிறந்தவளுக்கு இளநீர் இறங்காதாம் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள்.

நீங்கள் மலையாளத்தில் கேளுங்கள், நான் தமிழில் சொல்கிறேன். எல்லை ஸ்டேஷனில் வேலை பார்க்கிற உங்களுக்கு இரண்டும் விளங்கும். இது வீட்டு விஷயம், வீட்டு மொழியிலேயே இருக்கட்டும். என் அண்ணன் மனைவி ஷீனா மைனி கொடுத்த புகாரில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அது குறைவாகத்தான் இருக்கும். மைனிக்கு உடலியல் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தனுவச்சபுரம் கல்லூரிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்தேன். விலங்கியல். அதில் எனக்குப் பிடித்த பாடம் உடலியல். படித்தால் வேலை கிடைக்கும் என்றார்கள். ஒரு வேலை உடனே கிடைத்தது. வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் டாக்டர் அறைக்குள் போகிறவள் நான். மற்றவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நோயாளியே உள்ளே இருந்தாலும் அவன் காதில் எதுவும் ஏறாது, என் முகத்தைத்தான் பார்ப்பான். நான் வெளியே வந்து சொல்வதுதான் டாக்டர் சொன்னது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான். டாக்டர் முன்னால் வாயைத் திறந்தால் தன் விவரக்கேடு தெரிந்துவிடும் என்று பயம். அதற்கு ஒரு படித்த பிள்ளையை வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

"சுமி கேட்டுட்டு வந்து சொல்லுவா. படிச்ச பிள்ளை சொன்னா சரியாக்கும்" என்பாள் அம்மா சுகுமாரி.

அண்ணன் அகிலேஷுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை. நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்தால் முட்டும் இடுப்பும் என்னவாகும்? சாயங்காலம் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வான். பெயர் தெரியாது. "அந்த வெள்ளை" என்று கேட்பான், கொடுப்பார்கள். இப்படியே பல வருஷம். பிரஷரும் இருந்திருக்கிறது, பார்த்ததே இல்லை. ஒருநாள் பேச்சோடு பேச்சாக, மூத்திரம் நுரைக்கிறது என்றான். சிறுநீரகத்தின் வடிகட்டி கெட்டுப்போய்ப் புரதம் ஒழுகுகிறது, போய்ப் பார் என்றேன்.

"எட்டி டாக்டரம்மா, சோப்பு போட்டுக் குளிச்சேன், அதாக்கும் நுரை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் நிறையச் சிரித்தாள்.

அவன் கெட்டவன் இல்லை, மேடம். பஸ் தவறிய நாளில் பைக்கில் கொண்டு விடுவான். நான் அவனைக் கெட்டவனாக்கிப் பேசினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

அந்த நுரைக்கு இரண்டு வருஷம் கழித்து அவன் கால் வீங்கியது. வாயில் மூத்திர வாடை வந்தது. தோல் அரித்து இரவெல்லாம் சொறிந்தான். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். அதற்குமேல் மாற்றுச் சிறுநீரகம் வைப்பதுதான் வழி. வெளியே வந்து எல்லாவற்றையும் சரியாகவே சொன்னேன். மைனி பயந்துபோய் அழுதாள். மனிதன் ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம், உடம்பு அப்படிப்பட்ட அமைப்பு என்று சமாதானம் சொன்னேன். பாடத்தில் உள்ளது. சொல்லியிருக்கக் கூடாது.

மைனியின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. அப்பா பொன்னப்பன் இறந்து வெகுநாளாகிறது. அம்மா சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"உனக்கு ரெண்டு உண்டுல்லா, மக்கா."



"ஒண்ணு போதும்னு நீதானே சொன்ன, சுமி" என்றாள் மைனி.

அவ்வளவுதான். முடிவாகிவிட்டது. எனக்கு எம்.எஸ்சி. இடம் கிடைத்திருந்தது, கோட்டயத்தில். அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. தருகிறாயா என்று கேட்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டு ஏணியை எடுக்கிறதென்றால்கூட எங்கள் ஊரில் ஒரு வார்த்தை கேட்பார்கள்.

அதன்பின் வீட்டில் என் மேல் ஒரு அன்பு வந்தது. அந்த அன்பின் மேல் எனக்குச் சந்தேகம். நான் தும்மினால் மைனி ஓடி வருவாள். மழையில் நனையாதே என்பாள். அம்மா சோறு போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். முகத்தைப் பார்க்கிறாளா, என் இடுப்புக்குள் இருப்பதைப் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன்கூட "எட்டி, நல்லா தண்ணி குடி, கேட்டியா" என்று சிரித்தான். அவன் சரக்கை அவன் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

இப்போது பொட்டாசியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது விஷமில்லை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நிறைய இருக்கிறது, வெளியே ரத்தத்தில் கொஞ்சம்தான். அந்த ஏற்றத்தாழ்வில்தான் நரம்பு பேசுகிறது, இதயம் துடிக்கிறது. சாப்பாட்டில் அதிகமாக வந்தால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். சிறுநீரகம் போனவனுக்குத் தள்ள ஆளில்லை. ரத்தத்தில் தேங்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். அதனால்தான் டயாலிசிஸ்காரர்களுக்குப் பழம் அளவோடு, காய்கறியை வேகவைத்து நீரை ஊற்றிவிட வேண்டும், இளநீர் கூடவே கூடாது. டாக்டர் இதை என்னிடம் சொன்னார். தண்ணீர் அளவையும் காய்கறி விஷயத்தையும் வீட்டில் சொன்னேன். இளநீரைச் சொல்ல விட்டுப்போயிற்று. முதலில் அது மறதிதான். அப்போது வீட்டில் யாரும் இளநீர் வெட்டவில்லை.

ஆனால் எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருகிறவர் இல்லை. ஏத்தம்பழம் கொண்டு வருவார்கள், இல்லையென்றால் இளநீர். மாற்று வைக்க நாள் குறித்த செய்தி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அண்ணனோடு வேலை பார்க்கிற சஜி, உதியன்குளங்கரையிலிருந்து ஒரு குலை செவ்விளநீரை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான்.

"எலே அகிலேஷே, இது எங்க வீட்டு மரமாக்கும். குடி, நீரு தாராளமாப் போவும். கிட்னிக்கு இதைப்போல மருந்து வேற இல்ல."

மைனி வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வந்தவள் நின்றாள். "தண்ணி அளவாத்தானே குடிக்கச் சொல்லியிருக்காவ? சுமிட்ட கேக்கட்டு" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான். பத்தியச் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போயிருந்தது அவனுக்கு.

"குடிக்கட்டு மைனி. நல்லதாக்கும். குடிக்க உள்ள தண்ணியில அந்த அளவைக் குறைச்சிட்டா போதும்" என்றேன்.

"பாத்தியா, படிச்ச பிள்ளை சொல்லியாச்சு" என்றான் சஜி.

நான் வெட்டவில்லை. ஊற்றிக் கொடுக்கவில்லை. என் கை அந்தக் குலையில் படவேயில்லை. சஜி வெட்டினான், மைனி டம்ளரில் ஊற்றினாள், அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். பிறகு தினமும் யாராவது கொண்டு வந்தார்கள். ஊரே அவன் மேல் பிரியமாக இருந்தது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுச் சத்தம் போட்டார். என்ன சாப்பிடுகிறான், இப்படியே போனால் ஆபரேஷன் வரைக்கும் இருக்க மாட்டான் என்றார். பழம் கொஞ்சம் சாப்பிட்டிருப்பான், இனிமேல் கவனிக்கிறோம் என்றேன். அன்றைய டயாலிசிஸில் கூடின பொட்டாசியத்தை இறக்கிவிட்டார்கள். வெளியே வந்ததும் மைனி எழுந்து நின்றாள்.

"என்ன சொன்னாவ?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, மைனி."

மறதி என்று முன்னால் சொன்னேன். இது மறதி இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழுகிற நாள். சஜி வந்திருந்தான். வாசல் சிட்டவுட்டில் அண்ணன் நாற்காலியில் சாய்ந்திருந்தான். காலடியில் இளநீர்க் கூடுகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தவன் திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

"காலு எனக்க காலு போல இல்லட்டி, சுமி. மண்ணு மூட்டை கணக்கா இருக்கு."

தசைகள் அப்படித்தான் முதலில் தளரும். அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி மெதுவாக வந்தது, நடுவில் விட்டு விட்டு வந்தது. புத்தகத்தில் படித்தது விரலுக்கடியில் நடப்பதை முதல்முறையாகப் பார்த்தேன். வியப்பாக இருந்தது, மறைக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு வண்டி விளிக்கட்டா?" என்று சஜி கேட்டான்.

"களைப்பாக்கும். கொஞ்சம் படுக்கட்டு" என்றேன்.

மைனி தலையணை கொண்டு வந்தாள். நான் சொன்னதால் யாரும் பதறவில்லை. அவனுக்கு வலித்திருக்காது. தூங்குகிற மாதிரி இருந்தது. மைனி சாயா கொண்டு வந்து எழுப்பும்போதுதான் தெரிந்தது.

கிட்னி நோயில் இதயம் நிற்பது சாதாரணம் என்றார்கள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மைனி மட்டும் பதினாறு கழிந்தபின் அடுக்களைக்குப் பின்னால் காய்ந்து கிடந்த கூடுகளைப் பார்த்தபடி நின்றாள். என் கையால் போட்ட சாயாவைக் குடிப்பதை நிறுத்தினாள். ஒருநாள் டயாலிசிஸ் செய்த இடத்துக்குத் தனியாகப் போய் நர்ஸிடம் இளநீரைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். திரும்பி வந்து வாசலில் நின்றாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீ படிச்சவளாக்கும். உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஆனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல இத்தனை வருஷமா பஸ்ஸில் தொங்கினேன்?

ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். என் உடம்பு என்னுடையது, கேட்காமல் எடுக்கப் பார்த்தார்கள் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். வருகிற வழியெல்லாம் ஜீப்பில் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். இங்கே உட்கார்ந்த பிறகு அது முழுசாக வரவில்லை. கேட்ட ஆள் ஒருவர் உண்டு. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா என்னைத் தனி அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். உனக்கு இஷ்டமில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், பொருந்தவில்லை என்று நாங்கள் வீட்டாரிடம் சொல்லிவிடுகிறோம், வேறு யாருக்கும் தெரியாது என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அண்ணன் டயாலிசிஸில் இருந்திருப்பான், இளநீரும் வந்திருக்காது, நான் கோட்டயம் போயிருப்பேன்.

ஆனால் அன்று காலை அம்மா மீன் குழம்பில் நடுத்துண்டை எனக்கு வைத்திருந்தாள். இருபத்து நான்கு வருஷத்தில் முதல்முறை. எட்டு வீடு தள்ளி இருக்கிறவர்கள்கூட வந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். கதவுக்கு வெளியே வீட்டார் எல்லோரும் காத்திருந்தார்கள். முழுச் சம்மதம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊரில் இன்றைக்கும் என்னை நல்ல பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். தங்கச்சி கொடுக்கத் தயாராக இருந்தாள், அவனுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்கிறார்கள். அது பொய்யில்லை, மேடம். என் அண்ணனுக்கு நான் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. மற்றதெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதை மட்டும் சரியாக எழுதுங்கள்.