தங்கப்பொண்ணின் வயது

1938-ம் வருஷம் மே மாதம், மதுரை சப் மாஜிஸ்திரேட் ஐயா முன்னிலையில் சத்தியம் செய்து சொல்லிக்கொள்வது.

என் பெயர் முத்துத்தாய். வயது பதினெட்டு. தகப்பனார் மலையாண்டி, காலமாகிவிட்டார். தாயார் பாண்டியம்மாள். குடியிருப்பு பசுமலைக்குத் தெற்கே, கண்மாய்க்கரைத் தெரு. மதுரையில் ஒரு பஞ்சாலையில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. எழுதத் தெரியாது.

இந்த வழக்கில் காணாமற்போனதாகச் சொல்லப்படும் தங்கப்பொண்ணு எங்கள் அடுத்த வீட்டு விருமாண்டியின் மகள். நடை பழகிய நாளிலிருந்து அவளும் நானும் கூட்டாளிகள். போன வருஷம் ஒரே நாளில் ஆலையில் சேர்ந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்து, ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டு வந்தோம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவள் இருந்ததால் அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

தை மாதத்துக்குப் பிறகு, ஆலையில் மெஷினுக்கு எண்ணெய் விடும் சுருளி என்பவர் வேலை விட்டு வரும்போது எங்களோடு நடக்க ஆரம்பித்தார். முதலில் மூன்று பேரும் பேசிக்கொண்டு வந்தோம். அதன் பிறகு அவர்கள் இரண்டு பேரும் முன்னால் நடக்க, நான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். நான் பேச்சில் சேர்ந்தால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்கள். சுருளி என்னைக் கேலியாகக் காவக்காரம்மா என்று கூப்பிடுவார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள் கொட்டகைக்குப் படம் பார்க்கப் போனபோது அவர் இரண்டு முழம் மல்லிகைப்பூ வாங்கி அவளிடம் கொடுத்தார். அவள் அதில் ஒரு கிள்ளுக் கிள்ளி என்னிடம் நீட்டினாள். தலை வலிக்கிறது என்று சொல்லி நான் வாங்கவில்லை. அதன் பிறகு பெண்கள் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தும் படம் முடிகிறவரை ஆண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனிக் கடைசியில், இனிமேல் உங்களோடு வரமாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள், "நீ வராட்டி எங்காத்தா என்னைய விடாதுடி" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று முதல் தனியாக வேலைக்குப் போனேன், தனியாகவே சாப்பிட்டேன்.

அதன் பிறகு, அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நான் வீட்டிலேயே இருந்தேன். மத்தியானம் அவள் தாயார் செல்லக்கிளி வந்து, "நீ இங்கன இருக்க, அவ எங்க? உன்னோட போறேன்னுதானே போனா" என்று கேட்டார். அவளுக்காகப் பொய் சொல்லிப் பழகிய தோஷத்தில் என் வாயில் பொய்தான் வந்தது. தலைவலியால் நான் பாதியில் திரும்பிவிட்டதாகவும், அவள் ஆலைப் பெண்களோடு ஆற்றில் நிற்பதாகவும் சொன்னேன். அந்திக்குள் வந்துவிடுவாள் என்றே நினைத்தேன். பொழுது சாய்ந்தும் வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ரயிலேறியதைப் பார்த்ததாக மறுநாள் ஆலையில் பேசிக்கொண்டார்கள். எந்த ஊருக்கு என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஏட்டையா என்னை ஸ்டேஷனுக்கு வரவழைத்து விசாரித்தார். "உசுருக்கு உசுரா இருந்தவ உங்கிட்டச் சொல்லாமலா போவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சொல்லவில்லை என்றேன். ஸ்டேஷனில் ஒருவரும் நம்பவில்லை. என் தாயாரும் நம்பவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை.

நேற்று விருமாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் மகளுக்குப் பதினாறு முடியவில்லை என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும், சொன்னால் சுருளி கடத்திப்போன குற்றத்துக்காக ஜெயிலுக்குப் போவான், அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றார். சொல்லாவிட்டால், மகளைக் கூட்டிக்கொடுத்தவள் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்வதாகவும், பிறகு ஒருத்தனும் என்னைக் கட்டமாட்டான் என்றும் சொன்னார். கிளம்பும்போது குரலை இறக்கி, "அவ வந்துட்டா முன்ன மாதிரி நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கலாம் தாயி" என்றார். மிரட்டலுக்கு நான் பயப்படவில்லை. கடைசியில் சொன்னதுக்குத்தான் மனம் ஆடிப்போனது. அப்படி நடந்தால் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது உண்மை.

தங்கப்பொண்ணுக்கு வயது பதினெட்டு. நான் அவளுக்குச் சில மாதம் இளையவள். போன வருஷம் ஆலை மேஸ்திரியிடம் அவளுக்குப் பதினேழு முடிந்துவிட்டது என்று சொல்லி முழுக் கூலிக்குச் சேர்த்துவிட்டவர் விருமாண்டியேதான். நான் பக்கத்தில் நின்றேன். அவளை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. மனம் ஒப்பியேதான் போயிருக்கிறாள். சுருளியோடு பேசும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று தினமும் பார்த்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிவரை போயிருப்பேன்.

இப்படிச் சொன்ன பிறகு அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது என்று என் தாயார் வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். தெரிந்தேதான் சொல்கிறேன். அவர்களைக் கண்டுபிடித்தால், வயதைச் சொன்னது நான் என்று தங்கப்பொண்ணுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தால் சுருளியையும் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருவாள். இரண்டு பேரையும் உட்காரவைத்து எதிரில் நிற்க என்னால் ஆகாது.

இதைக் குமாஸ்தா எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எல்லாம் நிஜம்.

முத்துத்தாய்
(இடது பெருவிரல் ரேகை)