உரித்தெடுத்த மலை

மாலை ஆறே முக்கால். மலைப்பாதை. கீழே இறங்கும் கடைசிப் பேருந்தும் போய்விட்டது... மேலே ஏறிக்கொண்டிருந்தது ஒரே ஒரு மின்சார ஸ்கூட்டர்.

அதில் போனவர் லுவோ ஷிமிங். என் சிநேகிதனுடைய அக்கா கணவர். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுக்கலாம். நடையில் விளக்கு எரியவில்லை, சுவரைத் தொட்டுக்கொண்டே போங்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லையே. சரி, கேளுங்கள்.

பழைய சுருள் ஓவியங்களைப் பிரித்து, அழுக்கு நீக்கி, புதுப் பின்தாள் ஒட்டித் தருவது ஷிமிங்கின் தொழில். கை சுத்தம். மனம்தான் ஓரிடத்தில் நிற்காது. கீழ் வீட்டில் நாள் முழுக்க மாஜோங் சூதாட்டக் கட்டைகள் உருளும். மேலே மனைவி ஃபாங்லான் பேசுவாள். அடுப்போடு பேசுவாள், பூனையோடு பேசுவாள், இரண்டுக்கும் அலுத்துவிட்டால் ஷிமிங்கோடு பேசுவாள். தெருக்கோடி வரை கேட்கிற சிரிப்பு. ஒருநாள் அவர் பசைத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"பாதியா குறைச்சுக்கோயேன். மீதிப் பாதி எனக்குப் போதும்."

"எந்தப் பாதி வேணும்னு சொல்லுங்க, அதை மட்டும் விட்டுட்டுப் போறேன்" என்று சிரித்தாள் ஃபாங்லான்.

அந்த வாரம்தான் மலைமேல் தனியாக இருக்கிற பாவ் வாத்தியார் ஒரு சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா வரைந்தது. அந்தக் கொள்ளுத்தாத்தா பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு மலை ஏறியவர். திரும்ப அழைக்க வந்த அதிகாரிகளுக்குக் கதவுகூடத் திறக்கவில்லையாம். படத்தில் மூடுபனி, பைன் மரங்கள், ஒரு பாலம், ஒரு குடில். குடிலுக்குள் நெல்மணி உயரத்தில் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கொள்ளுத்தாத்தாவேதான்.

ஷிமிங்குக்கு வயிறு எரிந்தது. எவ்வளவு அமைதி... இவருக்கு மட்டும் எப்படி?

அது இரட்டைத் தாள். நனைத்து, நகத்தால் பதமாக மூலையைத் தூக்கினால் இரண்டாகப் பிரியும். மை கீழ்த் தாள் வரை இறங்கியிருக்கும் என்பதால், வெளிறிய படம் இன்னொன்று கிடைத்துவிடும். திருட்டு வேலைதான். ஆனால் அப்படிப் பிரித்து விற்கிற திருடர்களுக்கும் ஒரு விலக்கு உண்டு. வரைந்தவன் தன்னையே உட்காரவைத்த படத்தை அவர்கள் பிரிப்பதில்லை.

ஷிமிங் பிரித்தார். விற்பதற்கு இல்லை, தனக்கே தனக்கு. மேல் தாளுக்குப் பின்தாள் ஒட்டி வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு, கீழ்த் தாளைத் தன் பட்டறைச் சுவரில் ஒட்டிக் காயவைத்தார்.

மூன்றாம் நாள், குடிலுக்குள் இருந்தவர் வாசலில் நின்றார். ஐந்தாம் நாள், பாலத்தின் மேல். ஷிமிங் கண்ணைக் கசக்கிக்கொண்டார். சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. ஏழாம் நாள் மத்தியானம் குடில்காரர் படத்தின் அடி விளிம்புக்கே வந்திருந்தார்...

அன்று மாலைதான் ஷிமிங் தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லி, இரண்டையும் மறுபடி ஒன்றாக ஒட்டிவிடுவது என்று.

வழியில் ஒரு வாசனை. பைன் கரி... புது மை அரைக்கும்போது வருமே, அது. பிறகு சத்தம். டொக்... டொக்... கல்லில் மூங்கில் தடி ஊன்றுகிற சத்தம். முதலில் பக்கத்தில். பிறகு பின்னால். இவர் மேலே ஏற ஏற, அது கீழே கீழே இறங்கிப் போனது. விலகிப் போகிறதே என்று ஷிமிங்குக்கு நிம்மதி.

பைத்தியக்காரர்.

வாத்தியார் திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உள்ளே போய்த் தன் சுருளை எடுத்துவந்து விரித்தார். குடில் காலி. ஷிமிங் தன் தாளை விரித்தார். குடில் காலி, பாலம் காலி, விளிம்பிலும் யாரும் இல்லை.

"மனுஷ சகவாசமே வேணாம்னு மலை ஏறினவர், தம்பி. இப்ப எதுக்கு இறங்கினார்?" என்றார் வாத்தியார்.

கைபேசி அடித்தது. ஃபாங்லான்.

"ஏங்க, பெரியவர் ஒருத்தர் உங்களைத் தேடி வந்திருக்கார். வெளிறிப்போய் இருக்கார், பாவம். அவர்கிட்டேருந்து பாதியை எடுத்துட்டீங்களாம். எந்தப் பாதின்னு கேட்டேன், சிரிக்கக்கூட மாட்டேங்கிறார். பட்டறையில உட்காரவெச்சுட்டு டீ போடறேன், சீக்கிரம் வாங்க."

டீயும் வேண்டாம், நீ உடனே வீட்டை விட்டு வெளியே ஓடிவிடு என்று ஷிமிங் கத்தினார். இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பட்டறை முழுக்கப் பைன் கரி வாசனை. மேஜையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள்... இரண்டிலும் பாதி பாதி குடித்திருந்தது. நாற்காலியில் ஃபாங்லான், கையை மடியில் வைத்துக்கொண்டு. ஒரு கீறல்கூட இல்லை.

"போயிட்டார்" என்றாள். மெல்ல. அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை வாத்தியார் கூப்பிட்டார். கொள்ளுத்தாத்தா குடிலுக்குத் திரும்பிவிட்டாராம்.

"பக்கத்துல ஒரு பொம்பளை டீ ஊத்தறா, தம்பி. வாய்விட்டுச் சிரிக்கிறா. நீ வரைஞ்சதா?"

ஃபாங்லான் நன்றாகத்தான் இருக்கிறாள். சமைக்கிறாள், சாப்பிடுகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள், தாழ்ந்த குரலில். பூனை மட்டும் அவள் மடிக்கு வருவதில்லை. ஒரே ஒரு தடவை அந்தப் பழைய சிரிப்பைக் கேட்டால் போதும் என்று ஷிமிங் என் சிநேகிதனிடம் அழுதிருக்கிறார். தன்னிடம் மிஞ்சியிருப்பது மேல் தாளா, கீழ்த் தாளா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

போன ஜூன் மாதம் நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். அப்படி ஒரு வெக்கை. ஃபாங்லான் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தாள். சூப்பை வைக்கக் குனிந்தபோது பார்த்தேன்... காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில், நகத்தளவு ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது.

ஷிமிங் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். மேஜையில் சோயா சாஸுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் இருந்தது. நான் அதை ஏதோ துவையல் என்று நினைத்திருந்தேன். அதில் விரலைத் தோய்த்து, அந்த மூலையை அழுத்தி ஒட்டினார். காய்கிற வரைக்கும் ஃபாங்லான் அசையாமல் குனிந்தே நின்றாள்.